கரையோரப் போர்க்கப்பலும் ஆயுதச் சோதனையும்: குமரிக் கடலில் தொழில் செய்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி இது: "கடற்படை சுடுபயிற்சி நடத்துகிறது, இன்ன பகுதிக்குள் போக வேண்டாம் என்று கோயில் மைக்கில் சொல்கிறார்கள். கரையோரத்தில் நீர்மூழ்கியைத் தேட என்றே புதுக் கப்பல்கள் வந்திருப்பதாகவும் செய்தி வருகிறது. அதில் என்னென்ன ஆயுதம் இருக்கிறது? சோதனை என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்? குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் வள்ளங்களுக்கு இதில் என்ன ஆபத்து?"

வள்ளத்துக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி அறிவிப்பைத் தப்பாகப் படிப்பதால் வருவது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். கப்பலையும் சோதனையையும் புரிந்துகொண்டால்தான் அந்த அறிவிப்பில் ஏன் அவ்வளவு பெரிய பரப்பை அடைக்கிறார்கள் என்பது விளங்கும்.

செய்தியில் வரும் கப்பல்கள், ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கியைத் தேடி அடிப்பதற்கென்று கட்டப்படுபவை. 2019 ஏப்ரலில் மொத்தம் 16 கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். எட்டு கொச்சின் ஷிப்யார்டுக்கு, எட்டு கொல்கத்தா கார்டன் ரீச் நிறுவனத்துக்கு. கார்டன் ரீச் பங்கில் சில கப்பல்கள் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளத்தில் உருவானவை. முதல் கப்பல் ஐ.என்.எஸ். அர்ணாலா 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. கொச்சியில் கட்டிய முதல் கப்பல் ஐ.என்.எஸ். மாஹே அதே ஆண்டு நவம்பர் 24 அன்று மும்பையில் சேர்ந்தது. நீளம் 78 மீட்டரை ஒட்டி. தூத்தூர்க்காரர்களின் ஆழ்கடல் விசைப்படகு மூன்றை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். கொச்சிக் கப்பல்களின் அதிகபட்ச வேகம் 25 நாட், அதாவது மணிக்கு 25 கடல் மைல். கவனிக்க வேண்டிய அளவு வேறொன்று. தண்ணீருக்குள் கப்பல் அமிழ்ந்திருக்கும் ஆழம் 2.7 மீட்டர்தான். பெரிய நாசகாரிக் கப்பலுக்கு அதைப்போல இரு மடங்குக்கு மேல் வேண்டும்.

ஏன் இந்த அளவு? குமரிமுனைக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க்கை நினைத்துப் பாருங்கள். இலங்கையுடனான 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவின் உரிமை உறுதியான அந்த மீன்வளத் திட்டு, கண்டத்திட்டு அகலமாக நீளும் இடம். இப்படிப்பட்ட ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கியைச் சத்தத்தால் கண்டுபிடிப்பது கடினம். ஒலியால் தேடும் கருவியான சோனார் அனுப்பும் ஒலி அடித்தரையிலும் மேல்மட்டத்திலும் மாறி மாறி மோதித் திரும்பும். மீன்கூட்டம், பார்கள் (கடலடிப் பாறைகள்), பழைய கப்பல் உடைசல், நம் விசைப்படகுகளின் இன்ஜின் என எல்லாமே காதில் விழும். தென்மேற்குப் பருவத்தில் இன்னொரு தொல்லை. அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுந்து வருவதால், மேலே வெதுவெதுப்பும் சற்றுக் கீழேயே குளிர்ச்சியுமாகக் கடல் அடுக்கு பிரிந்துவிடும். ஒலி குளிர்ந்த பக்கம் வளையும். கப்பலின் அடிவயிற்றில் பொருத்திய சோனார் அனுப்பும் ஒலி முன்னே போகாமல் கீழே வளைந்து தரையில் போய் முட்டும். அதனால்தான் இவற்றில் அடிவயிற்றுச் சோனாரோடு, கேபிளில் கட்டிப் பின்னால் ஆழத்துக்கு இறக்கும் சோனாரும் உண்டு. இந்தக் கேபிள் விஷயம் மீனவருக்கு முக்கியம், மீண்டும் வருகிறேன்.

இன்ஜின் டீசல், தள்ளுவது புரொப்பெல்லர் அல்ல, வாட்டர்ஜெட். அடியில் இருக்கும் வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி இல்லாததால் ஆழம் குறைந்த இடத்திலும் ஓடலாம். ஆனால் உறிஞ்சும் வாயில் கம்பித் தட்டி இருக்கும். அறுந்த வலை, கயிறு, பிளாஸ்டிக் அதில் ஒட்டினால் தண்ணீர் வரத்து குறைந்து, பம்ப் அதிரத் தொடங்கும். இன்ஜின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. கைவிட்ட வலை கடலில் கிடப்பது மீனுக்கு மட்டும் கேடு அல்ல.

இனி ஆயுதங்கள். மேல்தளத்தில் 30 மி.மீ. பீரங்கி ஒன்று. கரையோரக் காவல் கப்பல்களில் பரவலாக இருக்கும் சி.ஆர்.என்.-91 வகையை எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 550 குண்டு, இலக்கைத் தாக்கும் தூரம் 4 கி.மீ. பக்கத்துக்கொன்றாக 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி. இதை வெளியே நின்று யாரும் பிடித்துச் சுடுவதில்லை. உள்ளே திரை முன் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கில் இயக்குகிறார்கள். இந்த வகைத் துப்பாக்கி நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராவது. நீர்மூழ்கிக்கு எதிராக ராக்கெட் லாஞ்சர், தண்ணீருக்கடியில் தானே ஓடிப்போய்த் தாக்கும் இலகு டார்பிடோ. கடல் கண்ணி இடும் வசதியும் உண்டு.

சோதனை என்றதும் கப்பல் நடுக்கடலுக்குப் போய்ப் படபடவென்று சுடுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சுடுவது சில நிமிட வேலை. அதற்கு முன் துறைமுகத்தில் நடக்கும் வேலைதான் வாரக்கணக்கில் இழுக்கும். அதில் முதன்மையானது நேர்ப்படுத்தல். பீரங்கியின் குழல், குறிபார்க்கும் கேமரா, ரேடார், கப்பலின் திசைகாட்டி ஆகிய நான்கும் ஒரே திசையை ஒரே திசை என்று சொல்ல வேண்டும். குழல் வாயில் சிறு தொலைநோக்கியைச் செருகி, தூரத்தில் உள்ள ஒரு நிலையான புள்ளியைப் பார்ப்பார்கள். கலங்கரை விளக்கம், கரையில் நட்ட கம்பம், சில நேரம் விண்மீன். அதே புள்ளியைக் கேமராவும் நடுக்குறியில் காட்ட வேண்டும்.

புள்ளி தூரமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. குழலும் கேமராவும் 2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1 கி.மீ. தூரத்துப் புள்ளியில் இரண்டையும் பொருத்தினால், இரு பார்வைக் கோடும் அந்த இடத்தில் வெட்டிக்கொண்டு, பிறகு விலகிக்கொண்டே போகும். 4 கி.மீ. போகும்போது 6 மீட்டர் விலகியிருக்கும். சின்னப் படகைக் குறிவைத்தால் அதுவே தவறவிடப் போதும். கோணத்தில் பிழை இருந்தால் இன்னும் மோசம். ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் 4 கி.மீ.யில் 7 மீட்டர், ஒரு பாகை முழுதாகப் பிசகினால் 70 மீட்டர்.

இந்த வேலையை விடியலுக்கு முன்போ இரவிலோ செய்வதே வழக்கம். வெயில் ஏறினால் சூடான பக்கத்து இரும்பு விரிந்து, தளமே கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். உலர்துறையில் எடுத்த அளவும் மிதக்கும்போது எடுத்த அளவும் ஒத்துப்போகாது. கட்டைகளின் மேல் நிற்கும் உடலும் தண்ணீர் தாங்கும் உடலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. பீரங்கி சுழலும் வளையம் சமமட்டமாக இருக்கிறதா என்று சுற்றிலும் குறித்த பாகைக்கொருமுறை நிறுத்தி மட்டக்கருவி வைத்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தத் திசையில் சுடும்போதெல்லாம் குண்டு குட்டையாக விழும்.

அடுத்தது தடைக்கோணம். பீரங்கி சுழன்றுகொண்டே சுடும்போது சொந்தக் கொடிமரத்தையோ கப்பலை ஓட்டும் மேலறையையோ சுட்டுவிடக் கூடாது. குழல் அந்தத் திசைக்கு வந்ததும் சுடும் மின்சுற்று தானாக அறுபட வேண்டும். மென்பொருளில் ஒன்று, அதைச் சாராத இயந்திர சுவிட்ச் ஒன்று என இரண்டு காப்பு இருப்பது நல்லது. குண்டில்லாமல், மின்சுற்றில் விளக்கை மாட்டி, குழலை மெல்லச் சுழற்றி, விளக்கு எந்தப் பாகையில் அணைகிறது என்று குறிப்பார்கள். புதிதாக ஒரு ஆன்டெனாவோ கைப்பிடிக் கம்பியோ பொருத்திவிட்டுத் தடைக்கோண வரைபடத்தைத் திருத்தாமல் விடுவது, எந்தக் கடற்படையிலும் நடக்கக்கூடிய ஆபத்தான சோம்பேறித்தனம்.

இதெல்லாம் முடிந்த பிறகே கடலில் கட்டமைப்புச் சோதனைச் சுடல். இதில் இலக்கே கிடையாது. குழலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, கடைசிக் கோணம் வரை திருப்பி, தளத்துக்கு அதிகபட்ச அதிர்ச்சி விழும்படி சுடுவார்கள். பிறகு டார்ச் அடித்துக்கொண்டு வெல்டிங் கோட்டில் விரிசல், தளர்ந்த போல்ட், உடைந்த விளக்கு, கழன்ற கேபிள் என்று தேடுவார்கள். பீரங்கிக்கு நேர் கீழே உள்ள அறையில் அலமாரிக் கொண்டி முறிவதும், மின்பெட்டிக்குள் கார்டு இருக்கையை விட்டு எழும்புவதும் வழக்கமான கண்டுபிடிப்புகள்.

இலக்கை வைத்துச் சுடும் நாளில், முதலில் வெற்றுக் கடலில் சில குண்டுகளைச் சுட்டு, நீர் தெறிக்கும் இடத்தைப் பார்த்து, காற்றுக்கும் குழல் தேய்மானத்துக்கும் திருத்தம் போடுவார்கள். இலக்கு என்பது பெரும்பாலும் காற்றடைத்த பலூன் மிதவை, அல்லது இன்னொரு கப்பல் நீளக் கயிற்றில் இழுத்துவரும் தெப்பம். கோளாறுகள் கொஞ்சமா? குண்டுப் பட்டையின் கண்ணி சற்று வளைந்தாலே சிக்கும். உப்பு படிந்த கேமராக் கண்ணாடி வழியாக இலக்கு மங்கும். நல்ல தண்ணீரில் கழுவாமல் துடைத்தால் பூச்சு கீறிப் போகும். லேசர் தூரமானி இலக்குக்குப் பதிலாக முன்னால் எழும்பிய அலைமுகட்டின் தூரத்தைச் சொல்லிவிடும். சுட்டுச் சூடேறிய குழலில் வெடிக்காத குண்டு சிக்கினால்தான் உண்மையான பதற்றம். சூட்டினாலேயே அது சற்று நேரம் கழித்து வெடிக்கலாம். உடனே திறந்து பார்ப்பது கூடாது. குழலை ஆளில்லாத திசையில் நிறுத்தி, ஆட்களை விலக்கி, விதிப்படியான நேரம் காத்திருக்க வேண்டும். கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கப்பல் சும்மா நிற்பது போலத் தெரியும். "முடிஞ்சாச்சு, போகலாம்" என்று வள்ளத்தைக் கிளப்பினால் அந்தக் குழல் காட்டும் திசைக்கே போய்ச் சேர்வீர்கள்.

ராக்கெட் லாஞ்சரின் கணக்கு வேறு. இந்தியக் கடற்படையில் நீண்டகாலமாக உள்ள ரஷ்ய வடிவத்தில் 12 குழல், விட்டம் 213 மி.மீ., எட்டும் தூரம் ஐந்தரை கி.மீ. அளவு. ராக்கெட் பறந்துபோய்த் தண்ணீரில் தலைகுப்புற விழுந்து, நொடிக்குப் பதினொரு மீட்டர் அளவில் மூழ்கி, முன்பே வைத்த ஆழத்தில் வெடிக்கும். 55 மீட்டர் ஆழமென்றால் விழுந்த ஐந்தாம் நொடியில். கிளம்பிய பிறகு வழிகாட்டுதல் எதுவும் இல்லை. கிளம்பும் கணத்தில் கப்பல் எப்படிச் சாய்ந்திருந்ததோ அந்தப் பிழை அப்படியே கூடப் போகும். திசையில் ஒரு பாகை என்றால் ஐந்தரை கி.மீ.யில் 96 மீட்டர். அதனால் குழல் தொகுதி அலையாட்டத்துக்கு எதிராகத் தானே அசைந்து நிலைநிற்கிறதா என்பதே இந்தச் சோதனையின் உயிர். கள்ளக்கடல் அலை வரும் நாள்களில் இதைப் பார்க்க முடியாது. பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். ஒன்றின் புகைத்தீ அடுத்ததைத் தள்ளிவிடும் என்பதால் சிறு இடைவெளி விட்டு வரிசையாகப் போகும். இதே வேலைக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய நீள்தூர ராக்கெட்டை 2025 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை ஐ.என்.எஸ். கவரட்டியிலிருந்து சோதித்தார்கள். வெவ்வேறு தூரங்களுக்கு 17 ராக்கெட். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் 17 என்பதே இது எவ்வளவு நிதானமான வேலை என்று காட்டும்.

டார்பிடோ சோதனையில் வெடிமருந்துத் தலையைக் கழற்றிவிட்டு, பதிவுக்கருவி உள்ள பயிற்சித் தலையை மாட்டுவார்கள். நம் நாட்டு இலகு டார்பிடோ சியேனா 2.75 மீட்டர் நீளம், 324 மி.மீ. விட்டம், 220 கிலோ எடை, 33 நாட் வேகம். ஓட்டம் முடிந்ததும் பயிற்சி டார்பிடோ மேலே மிதந்து, ஒலிக்குறி கொடுக்கும். மீட்புக் கப்பல் போய்த் தூக்கும். 2015 அக்டோபர் 6 அன்று சேர்ந்த ஐ.என்.எஸ். அஸ்திரதாரிணி இதற்கென்றே விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. தண்ணீர் புகுந்தாலோ மிதவை ஏற்பாடு வேலை செய்யாவிட்டாலோ மூழ்கும், அல்லது பாதி மிதந்து நீவாட்டோடு (நீரோட்டத்தோடு) போகும்.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கு. பீரங்கி தாக்கும் தூரம் 4 கி.மீ. என்றால் குண்டு பறக்கும் தூரமும் அவ்வளவே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 12.7 மி.மீ. தோட்டா குறிதவறாமல் அடிப்பது 2 கி.மீ. வரை, சும்மா பறந்தால் 6 கி.மீ.க்கு மேல் போகும். தாழ்ந்த கோணத்தில் தண்ணீரைத் தொட்ட குண்டு உள்ளே போகாமல் எகிறிப் பக்கவாட்டில் திரும்பவும் செய்யும். அறிவிப்பில் விசிறி போலப் பெரிய பரப்பை அடைப்பது இதனால்தான்.

அந்த அறிவிப்பு டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் கப்பல்களுக்கு விடும் எச்சரிக்கை வழியாகவும், மீன்வளத்துறை, கடலோரக் காவல் குழுமம் வழியாகவும் கரைக்கு வருகிறது. மூலத்தில் நேரம் உலக நேரத்தில் இருக்கும். 120330 என்றிருந்தால் 12ஆம் தேதி 3 மணி 30 நிமிடம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும், அதாவது காலை 9. 122000 என்றால் நம் கணக்கில் 13ஆம் தேதி அதிகாலை 1.30. தேதியே மாறிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் இந்தக் கூட்டல் நடந்திருக்கிறதா இல்லையா என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

இடக்குறிப்பில் அடிக்கடி வரும் பிழை இன்னொன்று. 07-40.50 என்பது 7 பாகை, நாற்பதரை நிமிடம். அதை 40 நிமிடம் 50 விநாடி என்று ஜி.பி.எஸ்.ஸில் போட்டால் 20 விநாடி பிசகும். வடக்கு தெற்காக 600 மீட்டருக்கு மேல். கருவி விநாடியில் காட்டுகிறதா, நிமிடத்தின் தசமத்தில் காட்டுகிறதா என்று அமைப்பில் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். குமரிமுனை 8 பாகை 5 நிமிடத்தை ஒட்டி இருப்பதால், 7 பாகை 40 நிமிடம் என்று படித்தால் சுமார் 25 மைல் தெற்கே என்று மனக்கணக்கிலேயே வந்துவிடும். புள்ளிகளை அறிவிப்பில் தந்த வரிசையிலேயே இணைக்க வேண்டும். வரிசை மாறினால் வேறு கட்டம் வரும்.

வள்ளம் கட்டத்துக்கு வெளியே நின்றால் போதாது. மிதக்க விட்ட வலை ஒன்றரை நாட் நீவாட்டில் ஆறு மணி நேரத்தில் 9 மைல் போகும். ஐந்து மைல் தள்ளித்தானே விட்டோம் என்ற கணக்கு விடியும்போது பொய்த்துப்போகும்.

இரவில் விளக்கைப் பாருங்கள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை இருந்தால் இழுவலை அல்லாத மீன்பிடிப் படகு. அதற்குக் கீழே இன்னொரு சிவப்பும் இருந்தால், சிவப்பு-வெள்ளை-சிவப்பு, அது விலகித் திரும்ப முடியாத நிலையில் உள்ள கப்பல். பின்னால் சோனார் கேபிள் இறங்கியிருக்கலாம். பகலில் அதே செய்திக்கு உருண்டை, வைர வடிவம், உருண்டை என மூன்று கறுப்பு உருவம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். அப்படிப்பட்ட கப்பலின் பின்பக்கம் குறுக்கே போகக் கூடாது. இலக்கை இழுத்துப் போகும் கப்பலுக்கும் இலக்குக்கும் நடுவே புகுவது அதைவிட மோசம், கயிறு தண்ணீருக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக் கொடி பறந்தால் சுடல் நடக்கிறது அல்லது நடக்கப் போகிறது. வயர்லெஸ் 16ஆம் சேனலில் இருக்கட்டும். சுடும் முன் கப்பல் அதில்தான் கூப்பிடும். ஒரு வள்ளம் உள்ளே நின்றால் அன்றைய சுடலை நிறுத்திவைப்பார்கள். அதை நம்பி உள்ளே போகிறவரும் உண்டு. மழைத்திரையில் ஃபைபர் வள்ளம் ரேடாரில் அலையோடு அலையாக மறைந்துவிடும் என்பதை அவர் மறந்துவிடுகிறார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் பயிற்சி என்றாலும் நம் மாவட்டம் முழுவதும் கரையில் இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப் படகுகள் இரண்டு காலத்திலும் கடலில் இருக்கும்.

வலையில் உருளை, துடுப்பு வைத்த குழாய், மின்கம்பி தொங்கும் பெட்டி என்று ஏதாவது சிக்கினால் நிறத்தை வைத்துப் பயிற்சிப் பொருள் என்று முடிவு செய்யாதீர்கள். பயிற்சி டார்பிடோவிலும் பேட்டரியும் அழுத்தக் காற்றும் இருக்கும். தட்டுவது, திருகுவது, வெண்கலம் என்று விலைக்குப் போட எடுத்துவருவது எதுவும் வேண்டாம். படகில் ஏற்றாமல் இருக்க முடிந்தால் வலையை அறுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டால் உருளாமல் இருபுறமும் கயிற்றைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, வெயில் படாமல் ஈரச் சாக்கு போட்டு, ஆட்கள் மறுமுனைக்குப் போய்விடுங்கள். அடுப்பு, பீடி, செல்போன், வயர்லெஸ் எதுவும் அதன் பக்கத்தில் கூடாது. துறைமுகத்துக்குள் கொண்டுவராமல் வெளியே நின்று, தள்ளி இருந்தபடியே கடலோரக் காவல் படைக்கு 1554 அல்லது கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093 அழையுங்கள். சொல்ல வேண்டியவை: சிக்கிய இடத்தின் ஜி.பி.எஸ். எண், நேரம், அங்கே எத்தனை பாகம் (ஆறடி அளவு) ஆழம், பொருளின் நீளம், அதன் மேல் எழுத்து அல்லது எண் இருந்தால் அது, இப்போது படகில் இருக்கிறதா தண்ணீரில் இருக்கிறதா. வலையை அறுத்திருந்தால் எத்தனை கண்ணி, என்ன வகை வலை என்பதையும் அப்போதே சொல்லிப் பதியவையுங்கள். பிறகு மீன்வளத்துறையில் நட்டக் கணக்கு பேசும்போது இந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.